அழுகைக்கு இருந்த இரண்டு சொற்கள்

என் மனைவி ஒரு செத்தவீட்டில் சிரித்தாள். அதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

ரொறன்ரோவில், டோர்செட் பார்க்கில் எங்கள் கட்டடத்தின் ஒன்பதாம் மாடியில் இருந்த ஒருவர் இறந்துபோயிருந்தார். பதினொரு வருடப் பழக்கம். அவருடைய மனைவியும் என் மனைவியும் ஒன்றாகத் தள்ளுவண்டியை இழுத்துக்கொண்டு தமிழ்க்கடைக்குப் போய் மரக்கறி வாங்கி வருவார்கள். என் மனைவிக்கு ஸ்ரோக் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் அந்த அம்மாதான் இடியப்பம் அவித்துக் கொண்டுவந்து என் கதவடியில் தந்துவிட்டுப் போவார். அதனால் போகாமல் இருக்க முடியாது. ஸ்ரோக் வந்து எட்டுக் கிழமைதான் ஆகியிருந்தது. வலது கால் இழுபட்டது, வலது கை மடிந்தபடி இருந்தது, பேச்சு ஒவ்வொரு சொல்லாகத் தேடித் தேடி வந்தது. ஆனாலும் அவள்தான் சேலையை எடுத்துக் கட்டிலில் வைத்து, கட்டிவிடச் சொல்லிக் காட்டினாள்.

மண்டபத்தில் தேவாரம் மெல்லிய சத்தத்தில் போய்க்கொண்டிருந்தது. முன்வரிசையில் அந்த அம்மா இருந்தார். நான் என் மனைவியைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போனேன். அவள் குனிந்து, தன் இடது கையை அவருடைய கைமேல் வைத்தாள். முகம் சுருங்கியது. அழப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். குபீரென்று சிரித்தாள்.

சின்னச் சிரிப்பு இல்லை. அடிவயிற்றிலிருந்து வந்த சிரிப்பு. தோள் குலுங்கியது, கண்ணிலிருந்து நீர் ஓடியது, வாயை மூட முடியவில்லை. நான் அவளுடைய கண்களைப் பார்த்தேன். வாய் சிரித்தது, கண்கள் பயந்துபோய் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. அந்த அம்மா கையை இழுத்துக்கொண்டார். பின்னாலிருந்து யாரோ, "ஆளை வெளியில கொண்டுபோங்கோ" என்றார்கள்.

வெளியே கோட்டுகள் தொங்கவிட்டிருந்த இடத்தில் அவளைச் சுவரோடு சாய்த்து நிறுத்தினேன். இன்னும் ஒரு நிமிடம் சிரித்திருப்பாள். பிறகு குழாயை மூடினது போல நின்றது. ஏதோ சொல்லப் பார்த்தாள். சொல் வரவில்லை. இடது கையால் தன் வாயில் தானே அடித்தாள். இரண்டாவது அடி விழுமுன் நான் அந்தக் கையைப் பிடித்துவிட்டேன்.

அதற்கு முன்பும் வீட்டில் நடந்ததுதான். கரண்டி கீழே விழுந்தால் விக்கி விக்கி அழுவாள். தொலைக்காட்சியில் நாளைக்குப் பனி கொட்டும் என்று சொன்னால் சிரிப்பாள். வருத்தக்காரி, தாங்காத மனசு என்று நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. செத்தவீட்டுக்குப் பிறகு அப்படி இருக்க முடியவில்லை. கட்டடத்துக்குள் கதை பரவியது. விசர் பிடித்துவிட்டதாம் என்றார்கள். அந்த அம்மா லிஃப்ற் கதவு திறந்து எங்களைக் கண்டால், எதையோ மறந்தவர் போலத் திரும்பிப் போய்விடுவார். அவரில் பிழை சொல்ல எனக்கு மனமில்லை. அவருடைய கணவர் பெட்டிக்குள் கிடக்க, அவருடைய முகத்துக்கு நேரே நின்று ஒருத்தி சிரித்திருக்கிறாள்.

என் மகள் கலியாணம் முடித்து ஸ்ரௌவ்விலில் வீடு வாங்கிப் போயிருந்தாள். அவள்தான் லீவு எடுத்து வந்து எங்களை நரம்பு டொக்டரிடம் கொண்டுபோனாள். டொக்டர் ஒரு பெண். அவசரப்படாமல் பேசினார். சிரிப்பையும் அழுகையையும் அடக்கி வைத்திருக்கிற பகுதியில் அடி விழுந்திருக்கிறது, உள்ளே இருக்கிற உணர்ச்சிக்கும் வெளியே வருகிற அழுகைக்கும் தொடர்பு இல்லாமல் போய்விட்டது என்றார். அவர் சொன்ன ஆங்கிலச் சொற்களை நான் காதில் வாங்கி வைத்தேன். கண்ணீர் வந்தாலும் அது பர்ஸ்ட் ஆகிறதாம், சிரிப்பு வந்தாலும் பர்ஸ்ட் ஆகிறதாம். மொத்தமாக அவுட்பர்ஸ்ட் என்று எழுதினார். அந்த மாதம்தான் எங்கள் கட்டடத்தில் குளிருக்குத் தண்ணீர்க் குழாய் வெடித்து, லிஃப்ற்றுக்குள் பைப் பர்ஸ்ட் என்று அறிவித்தல் ஒட்டியிருந்தார்கள். எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது.

பிறகு அவர், அம்மா எப்போதாவது மனமுடைந்து அழுதிருக்கிறாரா என்று கேட்டார். அவர் கேட்ட சொல் பிரேக் டவுன். நான் பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் இயந்திரம் ஓட்டுகிறவன். பிரேக் டவுன் என்றால் எங்களுக்கு மெஷின் நின்றுவிட்டது என்று அர்த்தம். சிவப்பு அட்டை ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுவோம். இல்லை என்று தலையாட்டிவிட்டேன். மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். டொக்டர் ஒரு குளிசை இருக்கிறது, விரும்பினால் தொடங்கலாம், இது மூளையினுடைய வேலை, குடும்பம் பேசி முடிவெடுங்கள் என்றார். என் மனைவி வேண்டாம் என்று இடது கையை ஆட்டினாள். ஏற்கெனவே ஒரு நாளைக்கு ஒன்பது குளிசை விழுங்கிக்கொண்டிருந்தாள்.

திரும்பி வரும்போது கென்னடி வீதியில் ஒரு சிவப்பு விளக்கில் கார் நின்றது. மனைவி முன் இருக்கையில் இருந்தாள். ஒரு காரணமும் இல்லாமல் அழத் தொடங்கினாள். பார்த்துக்கொண்டிருந்த மகளும் அழத் தொடங்கிவிட்டாள். "என்னம்மா, எங்க நோகுது?" என்று கேட்டுக் கேட்டு அழுதாள். மனைவி அழுகைக்கு நடுவே கையை ஆட்டினாள், இல்லை, இல்லை என்று. பிறகு ஒரு சொல் சொன்னாள். ஸ்ரோக் வந்த நாளிலிருந்து அவள் வாயிலிருந்து அவ்வளவு தெளிவாக ஒரு சொல் வந்ததில்லை.

"மெலெத்துஸ்."

மகள் காரை ஒரு கடைத்தொகுதிக்குள் திருப்பி நிறுத்தினாள். "அப்பா, அது பாஷா," என்றாள். "அம்மா இந்தோனேசியன் கதைக்கிறா."

அந்தச் சொல் எங்களுக்கு எப்படி வந்தது என்பதை இங்கே சொல்ல வேண்டும்.

எங்களுக்கு ஒரு மகனும் இருந்தான். யுத்தத்தின் கடைசி மாதங்களில் தண்ணீருக்கு வரிசையில் நின்றபோது விழுந்த ஷெல்லில் போய்விட்டான். பதினேழு வயது. அவனைப் புதைத்த இடத்தில் அரைமணி நேரம்கூட எங்களால் நிற்க முடியவில்லை. என் மனைவி அழவில்லை. முகாமிலும் அழவில்லை. அங்கிருந்து வெளியே வந்து, இருந்ததை விற்று, மகளையும் கூட்டிக்கொண்டு அவுஸ்திரேலியாவுக்கு என்று படகு ஏறியபோதும் அழவில்லை. அந்தப் படகு இந்தோனேசியக் கடலில் பிடிபட்டது. நாலு வருடம் மேடான் நகரத்தில், அகதிகளுக்கென்று ஒதுக்கிய ஒரு விடுதியின் ஒற்றை அறையில் இருந்தோம். வேலை செய்ய அனுமதி இல்லை. மகளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை. ஏதாவது ஒரு நாடு எடுக்கும் வரையில் காத்திருப்பதுதான் எங்கள் வேலை.

விடுதிக்குக் கீழே ஒரு பெண் சோற்றுக்கடை வைத்திருந்தார். அங்கே வயது வந்த பெண்களை இபு என்பார்கள். நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். என் மனைவி சும்மா இருக்க மாட்டாமல் அவரிடம் போய் வெங்காயம் உரித்துக் கொடுப்பாள். அப்படி உரித்துக் கொடுத்தே பாஷாவைப் பிடித்துவிட்டாள். நான் நாலு வருடத்தில் கற்றதை அவள் நாலு மாதத்தில் கற்றாள்.

அங்கே போய் மூன்றோ நாலோ மாதமிருக்கும். ஒரு மத்தியானம் நாங்கள் மூன்று பேரும் கடை வாசலில் இருந்தோம். எண்ணெய்ப்பனைப் பழம் ஏற்றிக்கொண்டு ஒரு லொறி போனது. அதன் ரயர் எங்களுக்குப் பக்கத்தில் வெடித்தது. அடுத்த கணம் மூன்று பேரும் நிலத்தில் கிடந்தோம். நான் மகளுக்கு மேலே, மனைவி எனக்கு மேலே. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எங்களையே பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. இபு ஓடிவந்து என் மனைவியின் முதுகில் கைவைத்து, "பான் மெலெத்துஸ், பான் மெலெத்துஸ்" என்றார். ரயர்தான் வெடித்தது. "புக்கான் பொம்." குண்டு இல்லை.

மனைவி எழும்பினாள். சேலையில் ஒட்டின மண்ணைத் தட்டினாள். தட்டிக்கொண்டே இருந்தவள் அப்படியே இருந்து அழத் தொடங்கினாள். ஒன்றரை வருடமாக வராத அழுகை. மகனுடைய பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதாள். மாலைவரைக்கும் அழுதாள். இபு கடையை மூடிவிட்டுப் பக்கத்தில் இருந்தார். என்ன நடந்தது என்று எட்டிப்பார்த்துக் கேட்டவர்களுக்கு அவர் இரண்டே சொல் சொன்னார்: "தாங்கிஸ்ஞா பெச்சா." அவளுடைய அழுகை உடைந்துவிட்டது.

பெச்சா என்பது கோப்பை உடைவதற்கும் முட்டை உடைவதற்கும் அங்கே சொல்லும் சொல். யுத்தம் மூண்டாலும் பெச்சா என்பார்கள் என்று மகள் பிறகு எங்கிருந்தோ கேட்டுவந்து சொன்னாள். மெலெத்துஸ் வேறு. உள்ளே காற்று நிரம்பித் தானாக வெடிக்கிற சாமான்களுக்கு அது. ரயர், பலூன், எரிமலை. அந்த நகரத்திலிருந்து கொஞ்சத் தூரத்தில் ஒரு மலை புகைந்துகொண்டிருந்தது. அது மெலெத்துஸ் ஆகிய நாட்களில் கொடியில் காயப்போட்ட துணியில் சாம்பல் படியும். குண்டு வெடித்தால் மூன்றாவது ஒரு சொல், மெலெடாக். இதில் என் மனைவிக்கு ஒரு விஷயம் பிடிபடவே இல்லை. அந்த ஊர்க்காரர் சிரிப்பையும் மெலெடாக் என்பார்கள்.

ஒருநாள் வந்து என்னிடம் சொன்னாள்: "இவையள் குண்டைக் கண்டதில்லையெண்டு நினைக்கிறன். அதுதான் சிரிப்புக்கு அந்தச் சொல்லைக் குடுத்து வைச்சிருக்கினம்."

"நாங்களும் வெடிச்சுச் சிரிச்சதெண்டுதானே சொல்லுறம்," என்றேன்.

அவள் தலையாட்டினாள். "ஓம். அது குண்டுக்கு முந்தி வந்த சொல்."

கனடா எங்களை எடுத்தது. ரொறன்ரோவுக்கு வந்த பிறகு பாஷா தேவைப்படவில்லை. பன்னிரண்டு வருடத்தில் அதை நாங்கள் மூன்று பேரும் மறந்துவிட்டோம் என்றுதான் நினைத்திருந்தேன். ஸ்ரோக் அவளுடைய தமிழை அள்ளிக்கொண்டு போனபோது அந்தச் சொற்கள் மட்டும் எங்கேயோ ஒதுங்கி இருந்திருக்கின்றன. பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண்ணிடம் மகள் இதைச் சொன்னாள். எந்த மொழி போகும், எது நிற்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது என்றாராம்.

அன்று காருக்குள் அவள் சொன்னது எனக்கு விளங்கியது. நான் அழவில்லை, இது தானாக வெடிக்கிறது, பயப்படாதேங்கோ என்றிருக்கிறாள்.

அதற்குப் பிறகு எங்களுக்குள் ஒரு வழக்கம் வந்தது. அவள் அழுதாலோ சிரித்தாலோ அது அடங்கும்வரை பக்கத்தில் இருப்பேன். அடங்கினதும் கேட்பேன்: "மெலெத்துஸா, பெச்சாவா?" பெரும்பாலும் மெலெத்துஸ் என்பாள். அப்படியென்றால் ஒன்றும் இல்லை, எழும்பித் தேத்தண்ணி போடலாம். சில நேரம் கேட்கும்போதே அவளுக்குத் திரும்பவும் சிரிப்பு வந்துவிடும். அது நோயின் சிரிப்பில்லை, என் உச்சரிப்புக்கு வந்த சிரிப்பு. அதை நான் கேட்காமலே கண்டுபிடிப்பேன்.

மே மாதத்தில் மகன் போன நாள் வந்தது. படத்துக்கு முன்னால் விளக்கு வைத்தோம். அவள் அழுதாள். மற்ற நாட்களில் அழுத அதே சத்தம், அதே முகம். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. கேட்கலாமா என்றுகூடத் தயங்கினேன். அவளே சொன்னாள், "பெச்சா." நான் அவளுக்குப் பக்கத்தில் இருந்து, அதற்குரிய அழுகையை அழுதேன்.

இன்னொரு நாள் அவளுடைய கால்நகம் வெட்டிக்கொண்டிருந்தேன். வலது காலைத் தூக்கி என் மடியில் வைத்து, சுடுதண்ணீரில் ஊறிய நகத்தை ஒவ்வொன்றாக வெட்டினேன். தலைக்கு மேலே அழுகைச் சத்தம் கேட்டது. வழமையானதுதான் என்று நினைத்து வெட்டிக்கொண்டே இருந்தேன். முடித்துத் துவாயால் துடைத்தபோது என் தலையில் கைவைத்து, "பெச்சா" என்றாள். நிமிர்ந்து பார்த்தேன். எதற்கு என்று கேட்கவில்லை. முப்பத்தைந்து வருடம் ஒன்றாக இருந்தவனுக்கு அதையும் வாய்விட்டுக் கேட்க வேண்டியிருக்கவில்லை.

அந்தக் கோடையில் மகள் பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தாள். செப்ரெம்பரில் வீட்டில் பேபி ஷவர் செய்ய நாள் வைத்தாள். மருமகனுடைய ஆட்கள் விட்பியில் இருப்பவர்கள். எண்பது பேர் வருவார்கள் என்றார்கள். ஓகஸ்ட் தொடக்கத்தில் மகள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். தாய் படுத்திருந்தாள். மகள் குசினிக்குள் என்னைக் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அப்பா, டொக்டர் சொன்ன அந்தக் குளிசையைத் தொடங்குவமே?"

"அம்மா வேண்டாமெண்டவ."

"தெரியும். ஆனா ஐ காண்ட் டூ திஸ், அப்பா. எல்லாரும் பாத்துக்கொண்டிருக்க அம்மா சிரிச்சா... எனக்கு வெக்கமில்லை. அவையள் அம்மாவைப் பாக்கிற பார்வையை என்னால தாங்கேலாது."

அவள் பொய் சொல்லவில்லை. எனக்கும் அதே பயம் இருந்தது. செத்தவீட்டில் கோட்டுகளுக்குப் பக்கத்தில் அவள் தன் வாயில் அடித்தது எனக்கு மறக்கவில்லை. இன்னொரு முறை அதைப் பார்க்க வேண்டாம் என்று நினைத்தேன். நான் நல்லதைத்தான் நினைத்தேன் என்று சொல்லிக்கொண்டால் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். ஆனால் நாலு பேர் முன்னால் வெட்கப்படாமல் தலைநிமிர்ந்து நிற்க வேண்டும் என்ற எண்ணமும் அதற்குள் இருந்தது. எவ்வளவு இருந்தது என்று இன்றுவரைக்கும் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

மகள் டொக்டருடன் பேசினாள். குளிசைகளை எங்கள் மருந்துக்கடையில் ஒரு கிழமைக்கு அளந்து, காலை மாலை என்று அட்டையில் அடைத்துத் தருவார்கள். புதிய அட்டையில் ஒரு சின்ன வெள்ளைக் குளிசை கூடுதலாக இருந்தது. மனைவி அதைக் கண்டுவிட்டாள். விரலை அதில் வைத்து என்னைப் பார்த்தாள்.

"உது... என்ன?"

"உது பிரஷருக்கு," என்றேன்.

அவள் வாயைத் திறந்தாள். நான் நாக்கில் வைத்துத் தண்ணீர் கொடுத்தேன்.

மூன்று கிழமையில் அழுகை குறைந்தது. நாலாவது கிழமையில் சிரிப்பும் நின்றது. கரண்டி விழுந்தால் விழுந்த கரண்டியைப் பார்ப்பாள், அவ்வளவுதான். வீடு அமைதியாகிவிட்டது. எனக்கு ஆறுதலாக இருந்தது, மறைக்காமல் சொல்கிறேன். பேபி ஷவரில் மெரூன் நிறச் சேலை கட்டி, ஒரு கதிரையில் நிமிர்ந்து இருந்தாள். வந்தவர்கள் எல்லாரும் போய்க் கதைத்தார்கள். அவள் தலையாட்டினாள். சம்பந்தி அம்மா என்னிடம் வந்து, "அண்ணை, அக்கா நல்லாத் தேறியிட்டா" என்றார். மகள் தூரத்திலிருந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். வீட்டுக்கு வந்து சேலையை அவிழ்த்துவிடும்போது, சந்தோசமா என்று கேட்டேன். யோசித்துப் பார்ப்பவள் போல இருந்தாள். களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

நவம்பரில் பேத்தி பிறந்தாள். ஆஸ்பத்திரியில் மகளுடைய கட்டிலுக்குப் பக்கத்தில் மனைவியைச் சில்லுக் கதிரையில் இருத்தி, வலது பக்கத்துக்குத் தலையணை முட்டுக்கொடுத்து, பிள்ளையை மடியில் வைத்தோம். மகனுக்கு இருந்த அதே நெற்றி, அதே காது. மகள் அழுதாள். மருமகன் போனை உயர்த்திப் படம் எடுத்தார். மனைவி பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய முகம் அசையவில்லை. விரலால் அந்தக் காதைத் தொட்டாள். பிறகு என்னைப் பார்த்தாள். அப்படி ஒரு பார்வையை நான் அவளிடம் கண்டதில்லை. தொலைத்துவிட்டதைத் தேடும் பார்வை.

வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றும்போதுதான் சொன்னாள். ஒவ்வொரு சொல்லுக்கும் இடையில் நிறைய நேரம் எடுத்தது.

"பெச்சா... வரேல்லை."

நான் அவளுடைய கோட்டைக் கையில் வைத்தபடி நின்றேன்.

"உள்ளுக்குக் கிடக்கு," என்றாள். இடது கையால் நெஞ்சைத் தொட்டாள். "வரேல்லை."

அவளைக் கதிரையில் இருத்தி, முன்னால் நிலத்தில் இருந்து, சொன்னேன். அந்தச் சின்னக் குளிசை பிரஷருக்கு இல்லை. டொக்டர் அன்றைக்குச் சொன்ன குளிசைதான். மூன்று மாதமாக உமக்குத் தெரியாமல் தந்தனான். பேபி ஷவருக்காகத் தொடங்கினோம் என்றும் சொன்னேன். மகள் கேட்டாள் என்று சொல்லவில்லை.

கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். நல்லாக இருந்த காலத்தில் என் மனைவி கோபம் வந்தால் பாத்திரம் பறக்காத குறையாகக் கத்துவாள். பத்து நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். அன்றைக்குக் கத்தியிருந்தால் நான் காலில் விழுந்திருப்பேன். அவள் கத்தவில்லை. நான் சொன்னதை விளங்கிக்கொள்ள அவளுக்குக் கொஞ்ச நேரம் தேவைப்பட்டது. விளங்கின பிறகும் முகம் அப்படியே இருந்தது.

"ஏன் என்னைக் கேக்கேல்ல?"

ஸ்ரோக்குக்குப் பிறகு அவள் இடையில் நிற்காமல் சொன்ன முழு வசனம் அது ஒன்றுதான். வந்தது எந்த அழுகை என்று ஒவ்வொரு தரமும் கேட்டவன், அதை நிறுத்துவதற்கு ஒருதரம்கூடக் கேட்கவில்லை.

அடுத்த நாளே டொக்டரைக் கூப்பிட்டேன். தாதி ஒருவர் திரும்பக் கூப்பிட்டுப் பொறுமையாகப் பேசினார். சட்டென்று நிறுத்தக் கூடாது, ஆறு கிழமையில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும் என்றார். உணர்ச்சி மரத்துப்போவதற்குக் குளிசை மட்டும்தான் காரணம் என்று சொல்ல முடியாது, அடிபட்ட மூளையாலும் வரலாம் என்றும் சொன்னார். அவர் என்னை ஆறுதல்படுத்தச் சொன்னாரோ உண்மையைச் சொன்னாரோ தெரியாது. இரண்டுமாக இருக்கலாம். நான் பாதிக் குளிசையாக வெட்டிக் கொடுக்கத் தொடங்கினேன். ஒவ்வொரு காலையும் கையில் காட்டி, "இது அந்தக் குளிசை, பாதி, தரட்டே?" என்று கேட்பேன். தலையாட்டிய பிறகுதான் கொடுப்பேன். எல்லாக் குளிசைக்கும் அப்படிக் கேட்டேன். அவள் பொறுமையாக எல்லாவற்றுக்கும் தலையாட்டுவாள்.

நாலாவது கிழமை, காலைச் சாப்பாட்டு நேரம், இரண்டாவது ஸ்ரோக் வந்தது. பாணைத் தேநீரில் தோய்த்து வாயருகே கொண்டுபோன கை அப்படியே கீழே வந்தது. அம்புலன்ஸ் வர எட்டு நிமிடம் எடுத்தது. ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் இருந்தாள். கண் திறக்கவில்லை. மகள் பிள்ளையைக் கொண்டுவந்து பக்கத்தில் கிடத்தினாள். நான் ஒருமுறை அவளுடைய காதுக்குக் கிட்டப் போய், எங்களுக்குள் வழமையாகக் கேட்கிற கேள்வியைக் கேட்டேன். ஐந்தாம் நாள் பின்னேரம் மூச்சு நின்றது.

செத்தவீட்டுக்கு ஒன்பதாம் மாடி அம்மா வந்திருந்தார். பெட்டிக்குப் பக்கத்தில் நெடுநேரம் நின்று, என் மனைவியின் கையைத் தடவிவிட்டுப் போனார். கிரியைகள் எல்லாம் செய்தேன். ஐயர் சொன்ன இடத்தில் சுற்றினேன், சொன்ன இடத்தில் பூப்போட்டேன். முப்பத்தோராம் நாள் முடிந்து, வந்த சொந்தங்கள் எல்லாம் போனபிறகு, ஸ்ரௌவ்வில் வீட்டுக் குசினியில் மகளிடம் சொன்னேன், அம்மாவுக்குத் தெரியாமல்தான் அந்தக் குளிசையைக் கொடுத்தேன் என்று.

அவள் பால்போத்தல் கழுவிக்கொண்டிருந்தாள். தண்ணீரை நிறுத்தினாள்.

"சொல்லித்தான் குடுத்தனியள் எண்டு நினைச்சன்," என்றாள். "அம்மா ஓமெண்டவ எண்டெல்லோ நினைச்சுக்கொண்டிருந்தனான்."

அவள் கையைத் துடைத்துவிட்டு மேலே போய்விட்டாள். அன்றைக்கு மருமகன்தான் என்னைக் காரில் கொண்டுவந்து விட்டார். அவருக்கு விஷயம் தெரியாது. வழி முழுக்கப் பிள்ளையின் தடுப்பூசியைப் பற்றிக் கதைத்துக்கொண்டு வந்தார்.

மூன்று கிழமை மகள் கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை. வேலைக்குப் போனேன், வந்தேன். அட்டையில் மிச்சமிருந்த குளிசைகளை மருந்துக்கடையில் திருப்பிக் கொடுத்தேன். கவுண்டரில் நின்ற பெண் அனுதாபம் சொன்னாள். மனைவியின் உடுப்புகளை எடுத்து மடிக்கப் பார்த்து, ஒரு தட்டோடு நிறுத்திவிட்டேன்.

பிறகு ஒரு சனிக்கிழமை காலை மகள் கதவைத் தட்டினாள். தனியாக வந்திருந்தாள். கோட்டைக்கூடக் கழற்றாமல் கதிரையில் இருந்தாள்.

"ஷவருக்கு அம்மாவைக் கொண்டுவராதேங்கோ எண்டு சொல்ல எனக்கு ஏலாமல் போச்சு," என்றாள். "அதுதானப்பா குளிசையைக் கேட்டனான். அதை உங்களிட்டச் சொல்ல வேணும்."

"நான்தான் குடுத்தது."

"ஓம். நீங்கள் குடுத்தனியள். நான் கேட்டனான்."

நான் சோறு வைத்திருந்தேன். பருப்பும் கத்தரிக்காய்க் குழம்பும் இருந்தன. அவளுக்குப் போட்டேன். சாப்பிட்டாள். குழம்பில் உப்பு இல்லை என்றாள். இல்லைத்தான், போட மறந்திருந்தேன். அந்த விஷயத்தை அதற்குப் பிறகு நாங்கள் எடுத்ததில்லை. எடுக்காமல் இருப்பது நல்லதா என்று எனக்குத் தெரியாது.

இப்போது அவள் வேலைக்குத் திரும்பிவிட்டாள். சனிக்கிழமைகளில் பேத்தியைப் பார்க்க நான் போகிறேன். ஸ்ரௌவ்விலுக்குக் கார் இல்லாமல் போவது பெரும்பாடு. மார்க்கம் வரையில் பஸ்ஸில் போய் நிற்பேன், மருமகன் வந்து ஏற்றுவார். திரும்பும்போது மகள் சாப்பாடு கட்டித் தருவாள். திங்களும் செவ்வாயும் அதைத்தான் வேலைக்குக் கொண்டுபோகிறேன்.